சிஸ்ட்ரமும் சிலம்பும்: எகிப்தியக் கருவித் துண்டு ஒன்றின் சான்று

பண்டை மக்களின் இசையை ஆராயப் புகுவார்க்குக் கிடைக்கும் சான்றுகள் இருவகைப்படும். நிலத்தினுள்ளும் கல்லறையினுள்ளும் அழியாது எஞ்சிய கருவிகள் ஒருவகை. நூல்களும் உரைகளும் வாய்வழி மரபும் காத்துவைத்த சொற்கள் மற்றொருவகை. எகிப்து நாடு முதல்வகையிற் செல்வமுடையது. யாழ்களும் குழல்களும் குலுக்குக் கருவிகளும் அந்நாட்டு வறண்ட மணலிலிருந்து வெளிப்பட்டு உலகின் பல காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. ஆயின் அவற்றில் இசைக்கப்பெற்ற பண்கள் இவை என்று கூற எகிப்தியர் ஒரு குறிப்பும் விட்டுச் சென்றிலர். தமிழகத்தின் நிலை இதற்கு நேர் எதிரானது. யாழின் உறுப்புக்களின் பெயர்களை யாம் அறிவோம். பண்களின் பெயர்களை அறிவோம். அப்பண்களிற் பல இன்றும் பாடப்படுகின்றன. சங்க காலத்து யாழ் ஒன்றேனும் நம் கைக்கு எட்டவில்லை.

இவ்விரு நாடுகளையும் ஒப்பிட்டு எழுதப்பெற்ற கட்டுரைகள் பல. கருவியின் வடிவம் ஒத்திருந்தால் இனமும் ஒத்திருக்கும் என்று அவற்றுட் சில விரைந்து முடிவு கட்டிவிடுகின்றன. அம்முடிவு தாங்குமா என்பதை ஒரு சிறு பொருளைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பதே ஈண்டு எம் நோக்கம். பொருள், நீலப்பச்சை நிறமுடைய ஃபயான்ஸால் ஆகிய சிஸ்ட்ரம் என்னும் குலுக்குக் கருவியின் உடைந்த துண்டு. அதனோடு ஒப்புநோக்க யாம் எடுத்துக்கொண்ட களம், சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதி. வேற்காட்டிலும் மாங்காட்டிலும் அம்மன் வழிபாட்டையும், திருமுல்லைவாயிலிலும் திருவேற்காட்டிலும் பதிகப் பண்களையும் ஒருங்கே உடைய இப்பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதாக உள்ளது.

முதற்கண் ஃபயான்ஸ் என்பது யாதெனக் காண்போம். இப்பெயர் இத்தாலி நாட்டு ஃபாயென்ஸா நகரத்து மெருகிட்ட மட்கலங்களை ஒட்டிப் பிற்காலத்தார் இட்டது. எகிப்தியப் பொருளுக்கு முற்றும் பொருந்தாது. எகிப்தியர் செய்தது களிமண் பண்டம் அன்று. படிகக்கல்லையோ மணலையோ பொடித்து, சிறிது சுண்ணமும், நேட்ரான் என்னும் இயற்கை உவர் உப்போ செடிச் சாம்பலோ கூட்டிப் பிசைந்து, அச்சிலிட்டு உலர்த்திச் சுட்டனர். உலரும்போது உப்பு மேற்புறத்தே பூத்து வெளிவரும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடி போன்ற மெருகாகும். செம்புக் கலப்பினால் நீலமும் பச்சையும் தோன்றும். எகிப்தியர் இதனை ‘ஒளிர்வது’ என்னும் பொருள்படும் ‘செஹனெத்’ என்ற சொல்லால் வழங்கினர். சிந்துவெளி மக்களும் இவ்வகைப் பண்டத்தால் வளையலும் மணியும் செய்தனர் என்பது அரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளால் விளங்கும். ஆதலின் தொழில்நுட்பம் ஒன்றையே கொண்டு ஒரு நாட்டை மற்றொன்றின் மாணாக்கராக்குதல் தொடக்கத்திலேயே இயலாதாகின்றது.

சிஸ்ட்ரம் இரு வடிவினது. வளைந்த உலோகச் சட்டத்தில் குறுக்கே கம்பிகள் செருகி, கம்பிகளில் வட்டத் தகடுகள் கோத்துக் குலுக்குவது ஒன்று. கோயில் வாயில் போன்ற சிறு மாடத்தைத் தலையிலே தாங்கிய கைப்பிடியுடையது மற்றொன்று. இரண்டாவதன் கைப்பிடி உச்சியில் ஹாதோர் என்னும் தெய்வத்தின் முகம் இருபுறமும் அமைந்திருக்கும். பெண்ணின் முகம், செவிகள் மட்டும் ஆவின் செவிகள். எகிப்தியச் சிற்பிகளும் ஓவியரும் மக்கள் முகத்தைப் பக்கவாட்டில் காட்டுதலே பெருவழக்கு. இத்தெய்வத்தின் முகமோ காண்பாரை நேரே நோக்குகின்றது. மாடத்தின் பக்கங்களில் கம்பி செல்லும் துளைகள் இருக்கும். ஃபயான்ஸால் செய்தவை பெரும்பாலும் இம்மாட வடிவினவே. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்காட்சியகத்தில் முதலாம் தாலமி மன்னன் (கி.மு. 305–282) பெயர் பொறித்த ஃபயான்ஸ் சிஸ்ட்ரம் ஒன்று உள்ளது. ஆயினும் பல காட்சியகங்களில் இருப்பவை துண்டுகளே: ஒரு முகம், ஒரு செவி, அரசன் பெயரின் பாதி, துளையுள்ள ஒரு விளிம்பு.

இத்துண்டுகளுட் பல சினாய்த் தீவக்குறையில் உள்ள செராபித் எல் காதிம் என்னும் மலைக்கோயிலில் கிடைத்தவை. பிளிண்டர்ஸ் பெட்ரி 1904–05ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கு அகழ்ந்தார். அம்மலை நீலப்பச்சைக் கல் எடுக்கும் சுரங்க நிலம். அங்கே கோயில் கொண்ட ஹாதோர், ‘நீலக்கல்லின் தலைவி’ எனப்பட்டாள். சுரங்கத்திற்குப் படையொடும் பணியாளரொடும் எகிப்திலிருந்து வந்த தலைவர்கள் தம் மன்னன் பெயரால் அவட்குக் கலங்களும் வளையல்களும் மாலையின் எடைத் தொங்கல்களும் சிஸ்ட்ரங்களும் படைத்தனர். படைத்த அனைத்தும் பெட்ரியின் காலத்தில் நொறுங்கிய துண்டுகளாகவே கிடந்தன. 18ஆம் அரச மரபு முதல் 20ஆம் மரபு வரை, அஃதாவது ஏறத்தாழ கி.மு. 16ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை, ஆண்ட மன்னர் பலரின் பெயர்கள் அவற்றிற் காணப்பட்டன. பின்னர் அத்துண்டுகள் பிரித்தானிய அருங்காட்சியகம் முதலிய பல இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பெற்றன. அதே அகழாய்வில்தான் சினாய் எழுத்துக்களும் வெளிப்பட்டன. அகரவரிசை எழுத்தின் தொன்மை வடிவம் எனக் கருதப்படும் அவற்றில், ஆலன் கார்டினர் 1916இல் முதன்முதல் தெளிந்து படித்த சொல் ‘பாலத்’, தலைவி, என்பதாகும். ஹாதோரையே செமித்திய மொழி பேசிய பணியாளர் அப்பெயரால் அழைத்தனர் என்பர். ஒரு கோயில், ஒரு தெய்வம், இரு மொழிகள். எழுத்தாராய்ச்சியில் ஈடுபடுவார் இதனை மனங்கொள்வாராக.

இத்துண்டு எதனை மெய்ப்பிக்கின்றது? படைத்தவன் எந்த அரசன் காலத்தவன் என்பதை. படைக்கப்பெற்ற தெய்வம் எது என்பதை. படைத்த இடம் எது என்பதை. இம்மூன்றிலும் ஐயமில்லை. ஒலியைப் பற்றியோ அது ஒன்றும் கூறுவதில்லை. ஒலித்த கம்பிகளே முதலில் விழுந்தொழிந்தன. எளிதில் உடையும் ஃபயான்ஸ் கருவி உண்மையிற் குலுக்கப்பட்டதா, அன்றிக் காணிக்கையாக மட்டும் வைக்கப்பட்டதா என்பதிலும் அறிஞர் பலர் இரண்டாவதையே சார்ந்து நிற்கின்றனர். வெண்கலச் சிஸ்ட்ரம் ஒலிப்பதற்கு; ஃபயான்ஸ் சிஸ்ட்ரம் படைப்பதற்கு. இவ்வேறுபாட்டை நோக்காது, கிடைத்த கருவி எல்லாம் இசைக்கருவியே எனக் கொள்ளுதல் பொருந்தாது.

ஒலியைப் பற்றி அறிய எகிப்தியரின் சொற்களையே நாட வேண்டும். மாடவடிவச் சிஸ்ட்ரத்தை அவர்கள் ‘செஷெஷெத்’ என்றனர். நாணற்புதர் அசையும்போது எழும் சலசலப்பை ஒட்டிய ஒலிக்குறிப்புச் சொல் அது. மற்றொரு பெயரான ‘செகெம்’ ஆற்றல் என்னும் பொருளது. கி.மு. 19ஆம் நூற்றாண்டளவில் தோன்றிய சினூகே கதையில், நாடு நீங்கிச் சென்று முதுமையில் மீண்ட சினூகேயின் பொருட்டு, அரசன் மக்கள் மாலையும் சிஸ்ட்ரமும் ஏந்தி வந்து மன்னனை அருள்கூர வேண்டுகின்றனர். சினம் தணித்தலும் அருளை எழுப்புதலுமே இக்கருவியின் பயன் என்பது இதனாற் பெறப்படும். ஹாதோர் இன்பத்தின் தெய்வம். அவளே சினந்தெழுந்தால் மக்களை அழிக்கும் பெண்சிங்கம் ஆவாள் என்பது எகிப்தியத் தொன்மம். உரோமர் காலத்தில் வாழ்ந்த புளூட்டார்க் ஐசிஸ் வழிபாட்டைப் பற்றி எழுதுங்கால், உலகப் பொருள்கள் யாவும் இயங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதைச் சிஸ்ட்ரம் உணர்த்துவதாகவும், அதன் ஒலி தீய ஆற்றலைத் துரத்துவதாகவும் விளக்கினார். இது தத்துவஞானி ஒருவரின் விளக்கம். கோயிலிற் குலுக்கியவரின் கருத்தும் இதுவே என்பதற்கில்லை.

இனி நம் களத்திற்கு வருவோம். திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலும் மாங்காட்டில் காமாட்சியம்மன் கோயிலும் பெயர்பெற்றவை. இவையன்றி அம்பத்தூரிலும் ஆவடியிலும் தெருத்தோறும் சிறு அம்மன் கோயில்கள் உண்டு. ஆடித்திங்களில் கூழ் வார்க்கும் நாளில் பம்பையும் உடுக்கையும் முழங்க, அவற்றோடு கைச்சிலம்பும் ஒலிக்கக் காணலாம். கைச்சிலம்பு என்பது உட்குழிந்த உலோக வளையம். உள்ளே பரல்கள் இடப்பெற்றிருக்கும். கையிற் பிடித்துக் குலுக்குவர். வடதமிழ்நாட்டுக் கைச்சிலம்பாட்டம் இதனாற் பெயர் பெற்றது. அம்மனை வருணித்து அழைக்கும் பாட்டிலும், அருள் வந்து ஆடுவார் ஆட்டத்திலும், வெம்மை மிக்க தெய்வத்தைக் குளிரச் செய்யும் சடங்கிலும் இவ்வொலி உடன்நிற்கின்றது.

ஒப்புமை வெளிப்படை. இரண்டும் குலுக்குக் கருவிகள். இரண்டும் பெண்தெய்வத்திற்கு உரியன. இரண்டும் சினம் தணிக்கும் சடங்கிற் பயில்வன. பெயர்க்காரணமும் ஒக்கும். ‘சிலம்புதல்’ ஒலித்தல்; ஒலிப்பது சிலம்பு; எதிரொலிக்கும் மலையும் சிலம்பே. எகிப்தியச் சொல் போலவே தமிழ்ச் சொல்லும் ஒலியினின்று பிறந்தது. இவ்விடத்தில்தான் ஆராய்வார் கால் வழுக்குகின்றனர். ‘செஷெஷெத்’, ‘சிலம்பு’ இரண்டும் சகர ஒலியில் தொடங்குதலைக் காட்டி உறவு கூறப் புகுவாரும் உளர். குலுங்கும் பொருளின் ஒலியை எந்நாட்டு மாந்தர் செவியும் ஏறத்தாழ ஒரே தன்மையாகவே ஏற்கும். கிலுகிலுப்பை என்னும் நம் சொல்லும் அவ்வாறு பிறந்ததே. ஒலிக்குறிப்புச் சொற்களை இனவுறவுக்குச் சான்றாக்குதல் மொழிநூல் முறைக்கு ஒவ்வாது.

வேறுபாடும் சிறிதன்று. சிஸ்ட்ரத்தில் ஒலிப்பவை வெளியே தோன்றும் கம்பியும் தகடும். சிலம்பில் ஒலிப்பவை உள்ளே மறைந்த பரல்கள். ஒலிக்கும் முறையே வேறு. இம்மறைவின்மீதே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நிற்கின்றது என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். புறத்தோற்றம் ஒன்றாயிருந்தமையால் பொற்கொல்லனின் பொய் நிலைத்தது. உடைத்த பின்னரே உண்மை தெறித்தது. ஆங்கும் உடைந்த ஒலிக்கருவியே சான்று. அச்சான்று உடைமையை மட்டும் மெய்ப்பித்தது. அதற்குமேல் ஒன்றையும் அரசன் அதனிடம் கேட்கவில்லை. செராபித் துண்டிடமும் யாம் அதற்குரிய வினாக்களையே கேட்க உரியேம்.

கருவி வகைப்பாட்டிலும் ஒரு சிக்கல் எழுகின்றது. நம்மவர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்து, மிடற்றையும் உடன் வைத்து எண்ணினர். கைச்சிலம்பும் வெண்கலச் சிஸ்ட்ரமும் கஞ்சத்துள் அடங்கும். ஃபயான்ஸ் சிஸ்ட்ரம் இவ்வைந்தனுள் எங்கும் அடங்காது. நம் வகைப்பாடு ஒலிக்கும் பொருளை அடிப்படையாகக் கொண்டது. ஒலியாத கருவிக்கு அதில் இடமில்லை. இதனை வகைப்பாட்டின் குறையாக யாம் கருதவில்லை.

எகிப்தும் தமிழகமும் உறவுகொண்டன என்பதற்கு வேறு உறுதியான சான்றுகள் உண்டே எனின், உண்டு. செங்கடற் கரையிலுள்ள குசெயிர் அல் காதிம் என்னும் பழந்துறையில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அங்குக் கிடைத்த மற்றோர் ஓட்டில் ‘பானை ஒறி’ என்னும் தொடரை ஐராவதம் மகாதேவன் 2007இல் படித்தறிவித்தார். பெரெனிகே துறைநகரில் ‘கொற்றபூமான்’ என்னும் பெயருடைய ஓடும், செராபிஸ் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7½ கிலோ மிளகும் கிடைத்தன. முசிறியிலிருந்து சென்ற சரக்கைக் குறிக்கும் பாப்பிரசு ஆவணம் வியன்னாவில் உள்ளது. அண்மைக்காலத்தில் பெரெனிகே ஐசிஸ் கோயிலிலிருந்து புத்தர் சிலை ஒன்றும், பிலிப்பு என்னும் உரோமப் பேரரசன் காலத்து (கி.பி. 248) வடமொழிக் கல்வெட்டு ஒன்றும் வெளிவந்தன. அந்நாளில் சிஸ்ட்ரம் ஐசிஸின் கருவியாகி, பாம்பெயி வரை பரவியிருந்தது. எனவே அத்துறைநகர்களில் தங்கிய தமிழ் வணிகர் சிலர் ஐசிஸ் கோயிலின் சிஸ்ட்ர ஒலியைக் கேட்டிருத்தல் கூடும். கூடும் என்பதற்குமேல் செல்ல இடமில்லை. யவனர் விளக்கையும் மதுவையும் கூறும் சங்கப் பாடல்கள் அவர்தம் இசைக்கருவி எதனையும் பெயர் சுட்டவில்லை. மேலும் இவ்வாணிகம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. செராபித் துண்டுகளோ அதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு மேல் முற்பட்டவை. பிற்காலத்து மிளகைக் கொண்டு முற்காலத்துத் தெய்வத்திற்கு உறவு கற்பித்தல் ஆகாது.

யாழைப் பற்றிய ஒப்பீட்டிற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வில்போல் வளைந்த யாழ் எகிப்தியக் கல்லறைச் சிற்பங்களில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிலேயே காணப்படுகின்றது. சுமேரிய ஊர் நகரத்தில் ஊல்லி யாழ்களை அகழ்ந்தெடுத்தார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களிலும் வில்வடிவ யாழைக் காணலாம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே சென்று இதனை நேரிற் காண மாணவர்க்குத் தடையில்லை. இவ்வடிவம் இன்றும் பர்மாவில் வழங்குகின்றது. இவற்றைக் கண்டதும் எகிப்திலிருந்து யாழ் வந்தது என்பாரும், தமிழகத்திலிருந்து எகிப்துக்குச் சென்றது என்பாரும் தோன்றினர். இருசாராரும் பெரும்பாணாற்றுப்படையை மறந்தனர் போலும். அந்நூலில் வரும் கோவலன் குமிழமரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றைத் தானே செய்துகொண்டு குறிஞ்சிப்பண் இசைக்கின்றான். ஆநிரை மேய்க்குமிடத்தில் கிடைத்த கொம்பும் நாரும் அவனுக்குப் போதுமாயின. வில் நாணின் ஒலியைக் கேட்ட எம்மக்களும் இக்கருவியைத் தாமே ஆக்கிக்கொள்ளக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேறு நாட்டு இலக்கியத்தில் அரிது. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலின் பெருமை, யாழை எந்நாட்டுக்கு உரிமையாக்கினார் என்பதில் இல்லை. நூற்சான்றுகளைக் கொண்டு நரம்பின் முறையையும் அளவையும் கணக்கிட்டு ஆராய்ந்தமையில் உள்ளது.

சொற்சான்றின் ஆற்றல் எத்தகையது என்பதை நம் களத்துப் பதிகங்கள் காட்டும். திருவேற்காட்டுக்குரிய ஞானசம்பந்தர் பதிகம் பழந்தக்கராகம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட வடதிருமுல்லைவாயிலுக்குரிய சுந்தரர் பதிகம் தக்கேசி. முன்னதைச் சுத்தசாவேரியிலும் பின்னதைக் காம்போதியிலும் ஓதுவார் பாடுவர். சங்கிலியாரைப் பிரிந்து ஒற்றியூர் எல்லை நீங்கியதும் கண்ணொளி இழந்த சுந்தரர், முல்லைவாயிலில் தம் துயர் களைய வேண்டிப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அப்பண்ணை அன்று ஏந்திய யாழ் இன்று இல்லை. பண் உளது; ஆயின் அதன் உருவம் சிறிதும் திரியாது வந்தது என்று கூறுதலும் மிகை. திருமுறை கண்ட புராணம், ஏடுகள் கிடைத்தபின் பண்முறை அறியாது திகைத்தபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண்மணி ஒருவரைக் கொண்டு பண்கள் வகுக்கப்பெற்றன என்று கூறுகின்றது. இடையறவு ஒன்று நேர்ந்தது என்பதை மரபே ஒப்புக்கொள்கின்றது. அதனைச் சரிசெய்தது யாழ் மரபினர் என்பதையும் மரபே சொல்கின்றது. தருமபுரத்தில் சம்பந்தர் பதிகம் யாழில் அடங்காமை கண்டு யாழ்ப்பாணர் தம் கருவியை உடைக்க முயன்றார் என்னும் வரலாறும், அதனாற் பெயர்பெற்ற யாழ்முரியும் யாவரும் அறிந்தவை. எகிப்தியர்க்கு உடைந்த கருவி கிடைத்தது. நமக்கு உடைக்கப்புகுந்த கதையும் அப்பண்ணும் கிடைத்தன.

சிஸ்ட்ரம் முற்றும் மறைந்த கருவி அன்று. எத்தியோப்பியக் கிறித்தவத் திருச்சபையில் இன்றும் பாடகர் அதனைக் குலுக்கிப் பாடுகின்றனர். தெய்வம் மாறிற்று, சமயம் மாறிற்று, கருவி மட்டும் நின்றது. எகிப்தியச் சிஸ்ட்ரம் ஒலித்த முறையை அறிய விரும்புவார் காட்சியகத்தைவிட அத்திருச்சபைக்குச் செல்லுதலே பயன்தரும். அங்கும் இடைப்பட்ட மாற்றங்களைக் கழித்தே நோக்கல் வேண்டும்.

கைச்சிலம்பு நம் கண்முன் ஒலித்துக்கொண்டிருக்கும் கருவி. வேற்காடு, மாங்காடு, முல்லைவாயில் சூழலில் வழங்கும் சிலம்புகளின் விட்டம், எடை, உலோகக் கலப்பு, உள்ளிடப்பெற்ற பரலின் பொருளும் எண்ணிக்கையும், வார்ப்பவர் ஊர், பாட்டின் எவ்வுறுப்பில் சிலம்பு தொடங்கி எவ்விடத்தில் நிற்கின்றது என்பன ஆடித்திங்களில் நேரிற் சென்று குறித்தற்குரியன. பம்பைக்காரரும் கைச்சிலம்புக்காரரும் தம்முள் வழங்கும் தொழிற்சொற்களையும் அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளல் வேண்டும். பதிவில் சிலம்பின் ஒலி முதலிலும், அதன் புகைப்படம் அதன் பின்னரும் இடம்பெறுதல் நன்று.